சிறுகுடல் முழுவதும் பார்க்கப்பட்டது

மார்ச் 3, செவ்வாய்

இன்று புறநோயாளிகள் நாற்பத்தொரு பேர். பித்தப்பைக் கல் மூன்று, குடலிறக்கம் இரண்டு, மற்றதெல்லாம் வாயு. எனக்கே இடுப்பு விட்டுப்போய்விட்டது.

கடைசியாக அந்தப் பேருந்து ஓட்டுநர் வந்தாள். மூன்றாவது தடவை. வயது முப்பத்தெட்டு. இரண்டு வருடம் முன்பு இவளுக்குக் குடல்வாலை எடுத்தவன் நான்தான். அப்போதும் இதே புகார். வயிறு நிறையச் சாப்பிட்டால் தொப்புளுக்கு இடப்பக்கம் முறுக்கிப் பிடிக்கிறதாம். அரை மணி, ஒரு மணி. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி விட்டுவிடுகிறதாம். ஸ்கேன் இரண்டு, எண்டோஸ்கோப்பி ஒன்று, ரத்தம், சிறுநீர், எல்லாம் சுத்தம்.

“வலி வந்தா நாலு கால்ல நிப்பேன் டாக்டர். கையையும் முட்டியையும் ஊனிக்கிட்டு, குழந்தை தவழுமே, அப்படி. கொஞ்ச நேரத்துல உள்ள ஏதோ நழுவுற மாதிரி இருக்கும். உடனே விட்டுரும்.”

போன மாதம் பயணிகளோடு பேருந்தை ஓரம்கட்டிவிட்டு, நடைபாதையில் அப்படி நின்றாளாம். யாரோ செல்போனில் படம் பிடித்துவிட்டார்கள். பணிமனையில் டாக்டர் கடிதம் கேட்கிறார்கள்.

எழுதிக் கொடுத்தேன். ‘உடலளவில் நோய் எதுவும் காணப்படவில்லை. மனஅழுத்தம் காரணமாக இருக்கலாம். மனநல ஆலோசனை தேவை.’ அங்கேயே நின்று இரண்டு தடவை படித்தாள். “இதக் குடுத்தா வண்டிய எடுக்க விடுவாங்களா?” என்று கேட்டாள். அதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றேன்.

ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

மார்ச் 4, புதன்

டாக்டர்கள் அறையில் தேநீர் நேரம். நாலு கால் கதையைச் சொன்னேன். சொன்னதோடு விடவில்லை, சோபாவில் முட்டி போட்டு நடித்தும் காட்டினேன். மயக்க மருந்து நிபுணர் சிரித்துச் சிரித்துத் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. நம் ‘டாக்டர் சந்தேகம்’. அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். சர்ஜரியில் எனக்குப் பத்து வருடம் இளைய பெண்மணி, எதைச் சொன்னாலும் “அப்படி இல்லாம இருந்தா?” என்பார்.

“எவ்வளவு நேரத்துல விடுது சார்? எப்பவும் இடப்பக்கம்தானா? வலி இருக்கும்போது ஸ்கேன் எடுத்தாங்களா, போனப்புறமா?”

இதில் எதையும் நான் அவளிடம் கேட்டிருக்கவில்லை. “இதுக்கெல்லாம் கேள்வி வேறயா?” என்று சொல்லிச் சமாளித்தேன். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள்.

மார்ச் 11, புதன்

மனைவிக்குக் கண்ணாடி மாற்றவேண்டும். நினைவூட்ட வேண்டும். வேறொன்றும் இல்லை.

மார்ச் 19, வியாழன்

ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கே அந்த ஓட்டுநரை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கணவன் தச்சு வேலை செய்பவர். தோளில் தூக்கி வந்தாராம். இந்தத் தடவை நாலு காலில் நின்றும் விடவில்லை. பச்சையாக வாந்தி. அங்கிருந்த மருத்துவர் என் கடிதத்தைப் படித்திருக்கிறார், பழைய அறுவைக் குறிப்பையும் படித்திருக்கிறார். ‘சிறுகுடல் முழுவதும் பார்க்கப்பட்டது, இயல்பு.’ அப்புறம் என்ன? தூக்க ஊசி போட்டு ஓரமாகப் படுக்கவைத்துவிட்டார். மூன்று மணி நேரம்.

டாக்டர் சந்தேகம், வேறு யாரையோ பார்க்கப் போனவர், கட்டிலைப் பார்த்து நின்றிருக்கிறார். “இப்பவே ஸ்கேன். வலி இருக்கறப்பவே.” பதினொன்றரைக்கு எனக்கு போன்.

“சார், குடல் ஒரு பைக்குள்ள போய் மாட்டிக்கிட்டிருக்கு. இடப்பக்கம், சிறுகுடல் ஆரம்பிக்கற இடத்துல. உடனே வாங்க.”

புத்தகத்தில் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதியிருக்கிறேன். இருபத்தாறு வருடத்தில் நேரில் பார்த்ததில்லை. கருவில் குடல் சுற்றி அமரும்போது, பெருங்குடலுக்குப் பின்னால் ஒரு பை தங்கிவிடுகிறது. சிலருக்குத்தான். குடல் நழுவி உள்ளே போகும், தானே வெளியே வரும். வெளியே வந்தபிறகு ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது. சாப்பிட்டபின் வலி. குனிந்து தவழ்ந்தால் சிலருக்கு விட்டுவிடும்.

அவள் சொன்னது அத்தனையும் வார்த்தை மாறாமல் அதுதான்.

வயிற்றை நானே திறந்தேன், சந்தேகம் எதிரில் நின்றார். பையின் வாய் ஓரத்தில் பெரிய ரத்தக்குழாய் ஒன்று ஓடும். அங்கே கை தவறினால் மேசையிலேயே முடிந்துவிடும். என் விரல் நடுக்கத்தை அவர் பார்த்திருக்க வேண்டும். “சார், நான் பண்ணட்டுமா?” என்று மற்றவர் காதில் விழாமல் கேட்டார். கத்தியைக் கொடுத்தேன். பையின் வாயை விரித்துக் குடலை மெல்ல மெல்ல வெளியே எடுத்தார். முழம் முழமாக வந்தது. முதலில் சிவப்பு, பிறகு ஊதா, கடைசியில் கிட்டத்தட்டக் கறுப்பு.

வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருந்தோம். பத்து நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் துணியை விலக்கிப் பார்ப்பார். ஊதா மெல்ல இளஞ்சிவப்பானது. கறுப்பு மட்டும் மாறவே இல்லை. ஒரு முழத்துக்கும் கொஞ்சம் அதிகமாக வெட்டி எடுத்துத் தைத்தோம்.

உயிர் பிழைத்துவிடுவாள். வெளியே கணவரிடம் சொன்னேன். அந்த மனிதர் இரண்டு வருடம் முன்பு செய்த மாதிரியே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மரத்தூள் அப்பிய விரல்கள். இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

மார்ச் 20, வெள்ளி

சந்தேகம் பழைய கோப்போடு வந்தார்.

“பிறவியிலேயே இருக்கற பை சார் இது. ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க உள்ள போனப்பவும் இருந்திருக்கணும். ஆனா முழுக்கப் பார்த்ததா எழுதியிருக்கு.” கோப்பைத் திறந்து அந்த வரியைக் காட்டினார். “அன்னிக்குப் பார்த்தீங்களா சார்?”

“பார்த்தேன்” என்றேன். “அப்போ வாய் மூடியிருந்திருக்கும்.”

பையின் வாய் அப்படி மூடிக்கொள்ளாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “சரி சார்” என்று கோப்பை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். எடுத்துக்கொண்டு போயிருந்தாலாவது தேவலை.

மார்ச் 21, சனி

பார்த்தேன் என்று ஏன் சொன்னேன்? வாய் கேட்காமல் சொல்லிவிட்டது. இல்லை. வாய் மேல் பழி போடாதே. நீதான் சொன்னாய்.

மார்ச் 22, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சும்மா கோப்பு பார்க்க என்று காவலாளியிடம் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை.

முதலில் குடல்வாலின் பரிசோதனை முடிவு. ‘அழற்சி இல்லை. இயல்பான திசு.’ கீழே என் கையெழுத்து. அப்படியென்றால் நல்ல உறுப்பை எடுத்திருக்கிறேன் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். வலிக்கு வேறு காரணம் இருக்கிறது என்று தெரியும். கணவரிடம் என்ன சொன்னேன்? “நல்லவேளை, நேரத்துல கொண்டுவந்தீங்க.”

பிறகு அன்றைய அறுவையின் கேமராப் பதிவு. பத்தொன்பது நிமிடம். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். கேமரா நேராக வலப்பக்கம் போகிறது. குடல்வால். கட்டு, வெட்டு, எடு. இடப்பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. குடலை ஒரு முழம்கூட நகர்த்தவில்லை. நகர்த்திப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

அன்று என்ன அவசரம்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். யாருக்காவது உடம்பு சரியில்லையா, வேறு நோயாளி காத்திருந்தாரா? எதுவும் நினைவில்லை. ஒரு காரணம்கூட இல்லாமல் செய்திருக்கிறேன்.

அந்த வரி? அது எல்லா அறுவைக் குறிப்பிலும் நான் போடுகிற வரி. தட்டச்சு செய்யும் அம்மா, “வழக்கமான வரிதானே சார்?” என்பார். தலையாட்டுவேன்.

பதிவை ஒரு சின்ன பென் டிரைவ் குச்சியில்தான் வைத்திருக்கிறார்கள். வேறு நகல் இல்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் திருடன்.

மார்ச் 23, திங்கள்

சாயங்காலம் மனைவியிடம் சொல்லிவிட்டேன். நானாக நினைத்துச் சொன்னதில்லை. துவைக்கப் போட்ட சட்டையில் குச்சி கிடைத்து, “இது என்ன?” என்று கேட்டாள். பள்ளியில் கணக்கு டீச்சர்; பதில் வரும்வரை விடமாட்டாள்.

முழுவதும் கேட்டாள்.

“அழிச்சிட்டீங்களா?”

“இல்ல.”

“அழிக்கப்போறீங்களா?”

தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“அந்த வீடியோவ எங்க ஸ்டாஃப் ரூம்லயும் பார்த்தோம்” என்றாள் திடீரென்று. “பஸ்ஸ நிறுத்திட்டு ஒரு பொம்பள ரோட்டோரம் தவழ்றான்னு போன் கைமாறி வந்துச்சு. நானும் சிரிச்சேன். சிரிச்சிட்டுப் போய் பசங்களுக்குப் பாடம் எடுத்தேன்.”

குச்சியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “இத வீட்ல வெச்சுக்காதீங்க. எங்க கொண்டு போறீங்கன்னு நான் கேக்கமாட்டேன். ஆனா எனக்குத் தெரிஞ்சிரும்.”

தெரிந்துவிடும். இருபத்து நான்கு வருடமாக என் முகத்தைப் பார்க்கிறவள்.

மார்ச் 24, செவ்வாய்

சந்தேகத்தின் அறைக்குப் போனேன். “நான் பார்க்கல. அன்னிக்கும் பார்க்கல, உங்ககிட்ட சொன்னதும் பொய்” என்றேன். குச்சியைக் கொடுத்தேன். கையைக் கட்டிக்கொண்டு பத்தொன்பது நிமிடமும் பார்த்தார். நடுவில் நான் ஏதோ விளக்கம் சொல்லப்போனேன். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சார், இத என்கிட்ட சொல்லிட்டு மனசு லேசாயிருச்சுன்னு போயிராதீங்க. வயிறு என்னோடது இல்ல.”

கதவு வரை போனவனைக் கூப்பிட்டார். “இன்னொண்ணு. எனக்கு வெச்ச பேரு எனக்குத் தெரியும். பரவால்ல. ஆனா அவங்கள நடிச்சுக் காட்டினீங்களே, அத நானும் உக்காந்து பார்த்தேன். எந்திரிச்சுப் போயிருக்கணும். போகல.”

இனி அவரை அந்தப் பெயரால் எழுதுவதில்லை.

மார்ச் 26, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலைச் சுற்றுக்குப் பிறகு, நர்ஸை வெளியே அனுப்பிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஓட்டுநர் சரிந்து படுத்திருந்தார். கணவர் ஜன்னல் ஓரம். (இத்தனை நாளும் இவரை ‘வந்தாள், கேட்டாள்’ என்றே எழுதியிருக்கிறேன். புரட்டிப் பார்த்தால் கூசுகிறது.)

முதலில் மருத்துவ வார்த்தைகளில் சுற்றி வளைத்தேன். பிறவி அமைப்பு, அரிது, லட்சத்தில் இத்தனை பேர்... ஓட்டுநரே நிறுத்தினார்.

“டாக்டர், நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. அதச் சொல்லுங்க.”

சொன்னேன். குடல்வால் நன்றாக இருந்தது. மற்ற குடலை நான் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதினேன். அந்த எழுத்தை நம்பித்தான் மற்ற டாக்டர்களும் தேடவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம், இந்தக் குடல் போயிருக்காது, பேருந்தை விட்டு இறக்கியிருக்க மாட்டார்கள்.

கணவர் எழுந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். என்னைத் தாண்டி வாசல்வரை போய், திரும்பி வந்தார்.

“ரெண்டு வருஷமா வீட்ல நான் இவள என்ன பேசியிருக்கேன் தெரியுமா? நடிக்காத, டாக்டரே ஒண்ணும் இல்லங்கறாருன்னு. இவ தரையில கிடந்து துடிக்கறப்ப தாண்டிப் போயிருக்கேன் டாக்டர். தாண்டி... உங்க பேச்சக் கேட்டுட்டு.”

மன்னிச்சிருங்க என்றேன். அந்த அறையில் அந்த வார்த்தை எவ்வளவு சின்னதாக விழுந்தது!

ஓட்டுநர் அழவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டார். “அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல.”

“இல்லம்மா. நீங்க சொன்னது அத்தனையும் உண்மை.”

“நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன் டாக்டர். ஒருவேளை நாமதான் வேணும்னே பண்றோமோன்னு. ராஜினாமாகூட எழுதி வெச்சுட்டேன்.” பிறகு குரல் மாறிவிட்டது; பயணியிடம் பேசுகிற குரலாக இருக்க வேண்டும். “இப்பச் சொன்னத எழுதிக் குடுங்க. மன்னிப்பு எல்லாம் வேண்டாம். அந்த லெட்டர எங்க பணிமனையில நாப்பது பேரு படிச்சாங்க. இதையும் படிக்கணும்.”

மார்ச் 27, வெள்ளி

ஆறு தடவை எழுதினேன். முதல் ஐந்திலும் பூசி மெழுகியிருந்தேன். ‘கவனக்குறைவு நேர்ந்தது.’ யாருக்கு நேர்ந்தது? மழை மாதிரி தானாக வந்து நேர்ந்ததா? ‘சூழ்நிலை காரணமாக.’ என்ன சூழ்நிலை?

கடைசியில்: ‘நான் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதினேன். இவருடைய வலி ஆரம்பத்திலிருந்தே உடல் நோய். என் முந்தைய கடிதம் தவறு.’

தட்டச்சு அம்மா அடித்துக்கொண்டே வந்து, இரண்டாவது வாக்கியத்தில் கையை எடுத்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. “மறுபடி சொல்லுங்க சார், சரியாக் கேக்கல.” கேட்டிருக்கும். மறுபடி சொன்னேன்.

ஏப்ரல் 2, வியாழன்

நிர்வாகத் தலைவரின் அறை. கடிதத்தின் நகல், கேமராப் பதிவு, எல்லாம் மேசைமேல்.

“இந்த ஒண்ணு மட்டும்தானா?” என்றார்.

இதே கேள்வியை நான் என்னிடம் கேட்காமல் பத்து நாள் ஓட்டியிருக்கிறேன்.

“இல்ல.”

கணினியில் தேடினார்கள். அந்த வரி, என் கையெழுத்தோடு, ஐந்து வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகளில். எத்தனையில் நிஜமாகவே பார்த்தேன்? பலவற்றில் பார்த்திருக்கிறேன். எவற்றில் என்று தெரியாது. பார்த்ததும் பார்க்காததும் ஒரே வரியாக இருக்கிறதே.

தனியாக அறுவை செய்ய எனக்கு அனுமதி இல்லை, அடுத்த உத்தரவு வரை. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கடிதம் போகும். கடிதத்தை நானே எழுத வேண்டும், யார் வந்தாலும் நானே முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். இது தலைவர் சொன்னதில்லை, எதிர் நாற்காலியில் இருந்த அந்த இளைய டாக்டர் சொன்னது. தலைவர் தலையாட்டினார்.

ஏப்ரல் 3, வெள்ளி

டாக்டர்கள் அறைக்குள் நுழைந்தேன். பேச்சு நின்றுவிட்டது. நானே தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றபடி குடித்தேன். அந்த சோபாவில் உட்கார முடியவில்லை.

மே 5, செவ்வாய்

ஓட்டுநர் தையல் பார்க்க வந்தார். எடை ஐந்து கிலோ கூடியிருக்கிறது. ஆறு வாரமாக வலி இல்லை. அடுத்த வாரம் வண்டியில் ஏற்றுகிறார்களாம். கடிதத்தைப் பணிமனை அறிவிப்புப் பலகையில் இவரே ஒட்டிவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாராம், எல்லோரும் படித்து முடிக்கும்வரை.

வயிற்றைப் பார்க்கக் கை நீட்டினேன். சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

“எனக்கு ஆபரேஷன் பண்ண அந்த டாக்டரம்மாவையே பார்க்கச் சொல்லுங்க. கோவம் இல்ல டாக்டர். உங்க கை பட்டா உடம்பு கூசுது.”

“சரிம்மா” என்று வெளியே வந்தேன். நடைபாதையில் கணவர் நின்றிருந்தார். வணக்கம் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை... எதிர்பார்த்தேன், பொய் எதற்கு.

ஜூலை 14, செவ்வாய்

இதுவரை வந்தவர்கள் எண்பத்து மூன்று பேர். ஒவ்வொருவரிடமும் அதே பேச்சு: பார்த்ததாக எழுதியிருக்கிறேன், நிஜமாகப் பார்த்தேனா என்று தெரியாது. பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. ஒருவர் கடிதத்தை என் முகத்துக்கு எதிரில் கிழித்தார். ஒரு பெண்மணி, “பரவால்ல டாக்டர், மனுஷன்தானே” என்றார். கிழித்தவரை விட இவர்தான் என்னைக் கூனிக் குறுக வைத்தார்.

இப்போதெல்லாம் எங்கே வலி என்று கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். சிலர் நெடுநேரம் பேசுகிறார்கள். முக்கால்வாசி வாயுதான். அதையும் கேட்கிறேன்.

செப்டம்பர் 8, செவ்வாய்

நூற்று நாற்பதாவது ஆள். லிஃப்ட் பழுது பார்ப்பவர், ஓய்வு பெற்றவர். நான்கு வருடம் முன்பு குடல்வால் எடுத்தேன், அதே வரி. கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது, “எனக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்று பெட்டியில் போட்டுவிட்டாராம். இரண்டு வாரம் முன்பு மகள் இழுத்துக்கொண்டு வந்தாள்.

பேசவிட்டேன். அடிக்கடி வயிற்றுப்போக்கு. அப்புறம், போகிற போக்கில், “சும்மா இருக்கறப்பவே மூஞ்சி குப்புன்னு சிவந்துரும் டாக்டர். வீட்ல எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க, எவள நினைச்சீங்கன்னு” என்றார். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை நாளாக, எவ்வளவு நேரம், சாப்பிட்ட பிறகா, முன்னாலா? கேட்டுக் கேட்டு எழுதினேன். சிறுநீரில் ஒரு பரிசோதனை, பிறகு ஸ்கேன். இன்று முடிவு வந்தது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பட்டாணி அளவு கட்டி. அரிதான வகை, மிக மெதுவாக வளர்கிறது. ஈரலிலும் ஒரு புள்ளி இருக்கிறது. நான்கு வருடம் முன்பு அந்தப் புள்ளி இருந்திருக்காது. கட்டி இருந்திருக்கலாம். தெரியாது. எனக்கு இனி தெரியவும் போவதில்லை.

இரண்டு பேரிடமும் அப்படியே சொன்னேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்கதான் பண்ணப்போறீங்களா?”

“இல்லங்க. எங்க டாக்டரம்மா ஒருத்தங்க பண்றாங்க. நல்ல டாக்டர். நான் கூட நிப்பேன், நீங்க சம்மதிச்சா. வேண்டாம்னா இல்ல.”

அவர் யோசிக்கட்டும் என்று இருந்தேன். வேண்டாம் என்பார் என்றே நினைத்தேன்.

“நில்லுங்க” என்றார் கடைசியில். “ஆனா உள்ள எது எப்படி இருந்துச்சோ, அத வந்து நீங்கதான் எனக்குச் சொல்லணும்.”

வியாழக்கிழமை காலை எட்டு மணி. சம்மதப் படிவத்தில் அறுவை செய்பவர் என்ற கட்டத்தில் அந்த இளைய டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் தள்ளினார். கீழே உதவியாளர் என்ற கட்டம் காலியாக இருந்தது. பெயரை முழுசாக, புரியும்படி எழுதினேன்.